டாக்டருக்கும் இடுப்பு வலி வரும்



நோயைத் தீர்க்கிற டாக்டருக்கே நோய் வருமா என்று நம்மவர்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. வரும். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்கிற டாக்டர்மாருக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற தாதிமாருக்கும் அதிகமாக வருகிற தொல்லைகளில் ஒன்று, நம் லயங்களில் வீட்டுக்கு வீடு கேட்கிற அதே இடுப்பு வலிதான். பல நாடுகளில் எடுத்த கணக்குகளைப் பார்த்தால், இந்த வேலை செய்பவர்களில் பாதிப் பேர் அளவில், சில இடங்களில் அதற்கும் மேலாக, இடுப்பு வலி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை நம் பத்திரிகையில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இப்போது நம் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் படித்துத் தாதிமாராகப் போகிறார்கள். மகள் வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டாள், இனிமேல் உடம்பு நோகிற வேலை இல்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று அவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. மற்றது, அந்த டாக்டர்மாரின் இடுப்பு வலியிலிருந்து கொழுந்து எடுக்கிற நமக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நடப்பது என்ன?

சத்திரசிகிச்சைக் கூடத்தை ஆஸ்பத்திரியில் தியேட்டர் என்று சொல்வார்கள். சின்ன சத்திரசிகிச்சை அரை மணித்தியாலத்தில் முடியும். பெரிய சத்திரசிகிச்சை ஐந்து, ஆறு மணித்தியாலம் கூடப் போகும். அவ்வளவு நேரமும் டாக்டர் ஒரே இடத்தில் நிற்கிறார். கண் நோயாளியின் உடம்பைப் பார்க்க வேண்டும், அதனால் கழுத்து குனிகிறது. கை வெட்டின இடத்துக்கு எட்ட வேண்டும், அதனால் இடுப்பும் முன்னால் வளைகிறது. வேலை நுணுக்கமானது. ஒரு நூல் அளவு கை தவறினாலும் ஆபத்து. எனவே உடம்பை ஆட்டாமல் அசைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சாய்ந்து நிற்கவும் ஏலாது. கிருமி படக்கூடாது என்பதற்காகக் கையைக் கழுவி, சுத்தமான அங்கியும் கையுறையும் போட்டபிறகு, சுவரிலோ மேசையிலோ உடம்பு படக்கூடாது. கையை இடுப்புக்குக் கீழே தொங்கப்போடவும் கூடாது. நாம் வேலைக்கு நடுவில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவோம் அல்லவா? அதுகூட அங்கே முடியாது.

எலும்பு முறிவுக்குச் சிகிச்சை செய்யும்போது எக்ஸ்ரே கருவியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அதன் கதிர் உடம்பில் படாமலிருக்க ஈயம் கலந்த கவசத்தை மேலே போட்டுக்கொள்ள வேண்டும். அது 5 கிலோ முதல் 7 கிலோ வரை இருக்கும். தோளில் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, குனிந்து நின்று, மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறார்கள்.

தாதியின் பாரம்

தாதியின் கஷ்டம் வேறு மாதிரியானது. கத்தி, கத்தரிக்கோல், ஊசி, நூல் என்று கேட்டதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற தாதி, கருவி வைத்த மேசைக்கும் நோயாளிக்கும் இடையில் நின்று நூறு முறை திரும்புகிறார். கால் ஒரு பக்கம் இருக்க இடுப்பு மட்டும் முறுகுகிறது. மேசையின் உயரத்தைப் பெரும்பாலும் டாக்டருக்குத் தக்கபடிதான் வைப்பார்கள். டாக்டர் உயரமானவராக இருந்து தாதி கட்டையாக இருந்தால், தாதி ஏறுபலகையில் நின்று சமாளிக்க வேண்டும். வெட்டின இடத்தின் சதையை விலக்கிப் பிடிக்கிற கருவியை உதவியாளர் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டே நிற்பதும் உண்டு.

நோயாளியைத் தூக்கி மாற்றுகிற வேலையும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்த ஆள் கையைக் காலை ஊன்றி உதவமாட்டார். முழுப் பாரமும் தூக்குகிறவர் மேல்தான். காலில் சத்திரசிகிச்சை என்றால், மருந்து போட்டுச் சுத்தப்படுத்தும்வரை காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு கால் மனிதனின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளின் கால் 11, 12 கிலோ வரும். அதைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று, நிறைந்த கூடையைக் கையால் தள்ளிப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அந்தத் தாதிக்கும் அடுப்பு காத்திருக்கிறது, பிள்ளை காத்திருக்கிறது.

இடுப்புக்குள் என்ன நடக்கிறது?

முதுகின் கீழ்ப்பகுதியில், இடுப்பு இருக்கிற இடத்தில், ஐந்து பெரிய முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. பெரியவர்களின் உடம்பில் இந்தத் தட்டுக்குள் இரத்தக் குழாய் ஓடுவதில்லை என்றே சொல்லலாம். நாம் நடந்து, குனிந்து, நிமிர்ந்து அசையும்போது அது பஞ்சு போல அமுங்கி விரிந்து, சுற்றிலும் இருக்கிற இடத்திலிருந்து தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. அசையாமல் ஒரே நிலையில் இருப்பது அதற்கு நல்லதல்ல.

1960களில் சுவீடன் நாட்டு வைத்தியர் அல்ஃப் நாக்கெம்சன் இந்தத் தட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளந்து பார்த்தார். நேராக நிற்கும்போது இருக்கிற அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது அது 25 அளவுக்குக் குறைகிறது. சற்று முன்னால் குனிந்தால் 150 அளவுக்கு ஏறுகிறது. குனிந்தபடி கையில் பாரமும் இருந்தால் 220 அளவுக்குப் போய்விடுகிறது.

இது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நம் உடம்பின் எடையில் பாதிக்கு மேல் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. முன்னால் குனியும்போது அந்தப் பாரம் கீழே விழாமல் பின்பக்கத்துத் தசைநார்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்படி விடாமல் இழுத்துப் பிடிக்கிற தசைக்குள் இரத்த ஓட்டம் குறைந்து, தசை களைத்து, வலி எடுக்கிறது. ஒரு வாளித் தண்ணியைச் சுமந்து நடக்கலாம். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நிற்க முடியுமா? நடக்கிறவனைவிட நிற்கிறவனுக்குச் சீக்கிரம் நோகும் என்பது இதனால்தான்.

தெரிந்தவர்களுக்கும் ஏன் வருகிறது?

முள்ளந்தண்டைப் பற்றிப் பாடம் படித்தவர்கள் டாக்டர்மார். எலும்பின் பேரும் நரம்பின் பேரும் அவர்களுக்கு மனப்பாடம். குனிந்தால் இடுப்பு நோகும் என்று நோயாளிக்குச் சொல்கிறவர்களும் அவர்கள்தான். இருந்தும் அவர்களுக்கு வலி வருகிறது. அறிவு இல்லாததாலோ உடம்பில் பலம் இல்லாததாலோ அல்ல. மேசை அந்த உயரத்தில் இருக்கிறது, வேலை அந்த நேரம் நீள்கிறது, பாரம் அவ்வளவு இருக்கிறது. வலி ஆளிடமிருந்து வரவில்லை, வேலை அமைந்திருக்கிற விதத்திலிருந்து வருகிறது.

நிமிர்ந்து தூக்கு, முழங்காலை மடித்துத் தூக்கு என்று வகுப்பு நடத்தினால் போதும் என்று ஆஸ்பத்திரிகளில் நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வகுப்பு மட்டும் நடத்தியதால் இடுப்பு வலி குறைந்ததாகத் தெரியவில்லை. படுக்கையின் உயரமும் பாரமும் மாறாமல் இருந்தால், பாடம் தெரிந்தவரும் குனியத்தானே வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. பல டாக்டர்மாரும் தாதிமாரும் தங்கள் வலியை வெளியே சொல்வதில்லை. நோயாளி மேசையில் கிடக்கும்போது என் இடுப்பைப் பற்றிப் பேசலாமா என்று நினைக்கிறார்கள். பலவீனமானவர் என்று பேர் வந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. குளிசையைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் நிற்கிறார்கள். நம் அக்காமாரும் இதைத்தானே செய்கிறார்கள்? “சொன்னா சோம்பேறின்னுதான் சொல்லுவாங்க, பேர் போட மாட்டாங்க” என்று லயத்துக்குப் போகும்போது எங்களிடம் சொல்கிறார்கள். பெரிய படிப்புப் படித்தவருக்கே இந்த வேலைமுறையால் இடுப்பு நோகிறது என்றால், மலையில் நாள் முழுவதும் நிற்கிற பெண் இடுப்பு நோகிறது என்று சொன்னால் அதை எப்படிச் சோம்பல் என்று சொல்ல முடியும்?

அவர்கள் எதை மாற்றினார்கள்?

பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டு பாரம் தூக்கும் வேலைகளுக்கு ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தார்கள். உடம்புக்கு ஆபத்தான தூக்குதலை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் அதன் ஆபத்தைக் கணித்துக் குறைக்க வேண்டும். இந்தப் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது என்று அந்த விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் 2007இல், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர்மேல் விழுகிற பாரம் 35 இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 16 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் எழுதினார். அதுவும் எல்லா வசதியும் சரியாக இருந்தால்தான். சத்திரசிகிச்சைக் கருவிகள் அடுக்கின தட்டு 25 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்றும் அங்கே ஒரு வரையறை உண்டு.

வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் நோயாளியை இப்போது தூக்குவதில்லை. வழுக்குகிற விரிப்பை அடியில் போட்டு, நான்கு பேர் சேர்ந்து இழுத்து மாற்றுகிறார்கள். தூக்குகிற இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். மேசையின் உயரத்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்னால் சரி பார்க்கிறார்கள். கை வேலை செய்கிற இடம் முழங்கை மட்டத்தை ஒட்டி இருந்தால் அதிகம் குனிய வேண்டியதில்லை. ஈயக் கவசத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகச் செய்து, பாரத்தில் ஒரு பங்கை இடுப்பெலும்பு தாங்குமாறு செய்தார்கள்.

அமெரிக்காவில் 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நமக்கும் பயன்படும். சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள். அங்கியைக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே, கழுத்து, தோள், முதுகு, கால் எல்லாவற்றையும் அசைத்து நிமிர்த்தினார்கள். பலருக்கு உடம்பு நோவு குறைந்தது. சத்திரசிகிச்சை முடிய எடுத்த நேரம் கூடவில்லை. நிறுத்தினால் வேலை கெடும் என்பது அங்கே பொய்யாகிவிட்டது.

நம் மலைக்கு வருவோம்

கவ்வாத்து வெட்டிக் கொஞ்ச காலமான மலையில் தேயிலைச் செடி தாழ்வாக இருக்கும். அங்கே கொழுந்து எடுக்கிறவர் குனிந்தே நிற்க வேண்டும். ஆண்டு போகப்போகச் செடி உயரும், கையைத் தூக்கி எடுக்க வேண்டிவரும். கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில், கால் சரிவில். கவ்வாத்து வெட்டுகிற ஆண்களோ கத்தியை வீசியபடி முழுநேரமும் குனிந்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருக்கிற குனிதல், முறுக்கு, பாரம், நீண்ட நேரம் ஆகிய நான்கும் நம் மலையிலும் இருக்கின்றன. மழையும் அட்டையும் மட்டும்தான் அங்கே இல்லை.

நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

1. நிரை மாறும்போது ஒரு தடவை நன்றாக நிமிருங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளைந்து, தோளைச் சுழற்றிவிட்டு அடுத்த நிரையைப் பிடியுங்கள். ஒரு நிமிடம் போதும்.

2. பக்கத்துச் செடிக்குத் திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலையும் எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

3. நிறைந்த கூடையைத் தனியாகத் தரையிலிருந்து முதுகுக்கு ஏற்ற வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவர் பிடித்துவிடட்டும், அல்லது உயரமான கல்லில், திட்டில் வைத்து ஏற்றுங்கள்.

4. வீட்டில் ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சின்ன வாளியாகத் தண்ணி எடுக்கலாம். அடுப்பை மேடையில் வைத்தால் சமைக்கக் குனிய வேண்டியதில்லை. மலையால் வந்த பெண்ணே தண்ணியும் விறகும் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆண்களும் வளர்ந்த பையன்களும் இதில் பங்கெடுக்க வேண்டும்.

மற்றவை நம் கையில் மட்டும் இல்லை. கூடை முழுக்க நிறையும்வரை காத்திராமல் இன்னொரு நிறுவை வைப்பது, மடுவம் தூரமாக இருந்தால் கொழுந்தை ரோட்டோரத்திலேயே ஏற்ற வாகனம் அனுப்புவது, கர்ப்பிணிகளையும் வலியுள்ளவர்களையும் செங்குத்தான மலைக்கு அனுப்பாமல் இருப்பது, இதெல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியவை. தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இவற்றைப் பேச்சுவார்த்தையில் வைக்கலாம். சம்பளத்தைப் பற்றிக் கேட்பது போல இதையும் கேட்கலாம். இடுப்பு போனால் சம்பளமும் போகும் அல்லவா?

வலி வந்துவிட்டால்

இடுப்பு வலிக்காரர்களில் 100 பேரை எடுத்தால், 90 பேர் அளவில் குறிப்பிட்ட ஒரு பெரிய நோயைக் காரணமாகக் காட்ட முடியாது. அந்த வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். முன்பெல்லாம் இரண்டு வாரம் பாயில் படு என்று சொல்வார்கள். 1986இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில் 7 நாள் படுத்தவர்களைவிட 2 நாள் படுத்தவர்கள் குறைவாகக் குணமாகவில்லை, வேலைக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் செய்த ஆய்வில், படுக்காமல் முடிந்த அளவு வழக்கமான காரியங்களைப் பார்த்தவர்கள்தான் விரைவில் தேறினார்கள். ஆகவே வலி கூடாத அளவுக்கு நடமாடுங்கள். பாரத்தை மட்டும் சில நாள் தவிருங்கள்.

இடுப்பு வலிக்குக் கடையில் விற்கிற பட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பட்டி கட்டுவதை உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் சிபாரிசு செய்யவில்லை. உடற்பயிற்சியையும், தன் வலியைப் பற்றி விளங்கிக்கொள்வதையும் அது சிபாரிசு செய்கிறது. வலிக் குளிசையைப் பெட்டிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும். தோட்ட வைத்தியசாலையில் கேட்டுப் போடுங்கள்.

கீழே உள்ள அடையாளங்கள் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது.
தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது.
கால் பலமிழந்து இழுபடுவது.
காய்ச்சலோடு இடுப்பு வலி வருவது.
காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இரவில் படுத்தாலும் ஓயாத வலி.
மலையில் விழுந்தபிறகு வந்த கடும் வலி.

முதல் மூன்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நரம்பு நசுங்கியிருக்கலாம். நேரம் போனால் அது திரும்ப வராமலும் போகலாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

தாதிப் பயிற்சிக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியைத் தனியாகத் தூக்காதீர்கள், நான்கு பேரைக் கூப்பிடுங்கள். மேசை உயரம் சரியில்லை என்றால் சொல்லுங்கள், ஏறுபலகை கேளுங்கள். உங்கள் அம்மா இருபது வருஷம் வலியைச் சொல்லாமல் மலையில் நின்றிருப்பார். நீங்களும் அப்படி நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும்போது, தியேட்டரில் படித்ததை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இடுப்பு வலி இருப்பவர்கள் அடுத்த கிளினிக் நாளில் தோட்ட வைத்தியசாலைக்கு வாருங்கள். எந்த மலையில், எந்த வேலையில் வலி கூடுகிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரே மலையைப் பற்றிப் பத்துப் பேர் சொன்னால், அதை எழுதி நிர்வாகத்திடம் கொண்டுபோக எங்களுக்கும் ஒரு பலம் கிடைக்கும்.